சும்மாட்டிலிருந்து தொடங்குங்கள்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டிலிருந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவின்போது உங்கள் நாட்டுப் பிள்ளைகள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "பிசியோதெரபி படிக்கணும் சார். உடம்பு அசையறதுக்கும் பிசிக்ஸுக்கும் சம்பந்தமா அதுல ஒரு பேப்பர் வருமாமே, அதுக்கு இப்பவே என்ன படிக்கலாம்? தமிழ்ல புத்தகம் இருக்கா?" என்று கேட்டாள் ஒரு பெண். பக்கத்தில் நின்ற பையன் போனைக் காட்டி, "தேடினா ஆயிரம் வருது சார், எது சரின்னுதான் தெரியல" என்றான். மைக் சத்தத்துக்கு நடுவே ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். கேட்டவர்களுக்கும், கேட்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவர்களுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நான் மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் பக்கம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்ல. ஆகவே எலும்பு முறிவுக்கும் முதுகு வலிக்கும் என்னிடம் வைத்தியம் கேட்காதீர்கள். எந்தப் புத்தகத்தை எந்த வரிசையில் திறப்பது என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் தேடும் பாடத்துக்குப் பயோமெக்கானிக்ஸ் என்று பெயர். தமிழில் உயிர் இயக்கவியல் என்கிறார்கள். கைனீசியாலஜி என்ற சொல்லைப் போட்டுத் தேடினாலும் ஏறக்குறைய அதே சரக்கு கிடைக்கும். ஆனால் உடனே தேட வேண்டாம். முதல் புத்தகம் உங்கள் பையிலேயே இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியின் கடைசியில் 'துகள்களாலான அமைப்பு மற்றும் திண்மப்பொருட்களின் இயக்கம்' என்று ஓர் அலகு. பெயரைப் பார்த்ததுமே பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆசிரியர்களும் அங்கே வந்து சேரும்போது பரீட்சை நெருங்கியிருக்கும், ஓட்டமாக ஓட்டிவிடுவோம். நிறைமையம், திருப்பு விசை, சமநிலை எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. உயிரியல் பிரிவில் இருப்பவர்களுக்கு விலங்கியல் புத்தகத்தில் 'இடப்பெயர்ச்சி மற்றும் இயக்கம்' என்று ஒரு பாடம் உண்டு. தசை, எலும்பு, மூட்டு வகைகள் அங்கே வருகின்றன. இரண்டையும் வேறு வேறு ஆசிரியர்கள் வேறு வேறு மாதத்தில் நடத்துவதால் இரண்டும் ஒரே கையைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு புத்தகத்தையும் அருகருகே விரித்து வையுங்கள். பயோமெக்கானிக்ஸ் அங்கேயே தொடங்கிவிடும்.

எப்படி என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஐந்து கிலோ மிளகுப் பையை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கையைச் செங்கோணமாக மடித்து நில்லுங்கள். முழங்கை மூட்டுதான் சுழலும் புள்ளி. அங்கிருந்து பை சுமார் 35 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. முன்கையின் சொந்த எடை ஒன்றரை கிலோ என்றும், அதன் நிறைமையம் மூட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இத்தனையையும் தூக்கி நிறுத்தும் இருதலைத் தசை முன்கையில் எங்கே ஒட்டியிருக்கிறது? மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ.யில். பையின் திருப்பு விசை 5 × 9.8 × 0.35. முன்கையினுடையது 1.5 × 9.8 × 0.15. இரண்டையும் கூட்டி 0.04ஆல் வகுத்தால் வருவது சுமார் 484 நியூட்டன். அதாவது ஐந்து கிலோவைப் பிடித்திருக்க உங்கள் தசை ஐம்பது கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

நெம்புகோல் என்றால் குறைந்த விசையில் அதிகச் சுமையைத் தூக்குவது என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டோம். உடம்பு அதை நேர்மாறாக வைத்திருக்கிறது. இத்தாலிக்காரர் ஜியோவானி அல்போன்சோ பொரெல்லி இந்தக் கணக்கை முதன்முதலில் விரிவாகப் போட்டார். விலங்குகளின் அசைவைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1680இல் அச்சேறத் தொடங்கியது. தசைகள் தாங்கும் சுமையைவிடப் பல மடங்கு விசையோடு இழுக்கின்றன என்று அவர் காட்டினார். இப்படி நஷ்டத்துக்கு ஏன் ஓர் ஏற்பாடு? மேலே உள்ள எண்களையே மறுபடி பாருங்கள். தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை ஒன்பது சென்டிமீட்டர் நகர்கிறது. விசையில் விட்டதை வேகத்திலும் வீச்சிலும் பிடித்துக்கொள்கிறது உடம்பு. கொடுவாள் வீசுவதும் கல் எறிவதும் அதனால்தான் நடக்கின்றன.

இதே கணக்கை வேறு எண்களோடு, படத்தோடு பார்க்க ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'காலேஜ் பிசிக்ஸ்' நூலுக்குப் போங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்த அமைப்பு 2012இல் இலவசமாக வெளியிட்டது. முழு நூலையும் பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். ஒன்பதாம் அத்தியாயத்தின் ஆறாம் பகுதி முழுக்கத் தசையும் மூட்டும்தான். ஆங்கிலம்தான், ஆனால் பயப்படாதீர்கள். முதலில் படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அதன் பிறகு பத்தியைப் படித்தால் பாதி புரியும். மீதிக்கு ஒரு வழி இருக்கிறது. நம் பாடநூல் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் ஒரே உள்ளடக்கத்தோடு வருகிறது. பாடநூல் கழகத்தின் தளத்தில் இரண்டும் இலவசம். ஒரே அலகை இரண்டு மொழியிலும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்து முடித்தால் வெளிநாட்டுப் புத்தகத்துக்குத் தேவையான சொற்கள் கைக்கு வந்துவிடும். என் அனுபவத்தில் தனி அகராதி வாங்கிப் படித்தவர்களைவிட இப்படிப் படித்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

சரி, இப்போது சும்மாட்டுக்கு வருவோம்.

குச்சிக்கிழங்கு மூட்டையோ விறகுக் கட்டோ தலையில் ஏறுவதற்கு முன் உங்கள் அம்மா துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார். அதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று அழுத்தம். 25 கிலோ சுமை 245 நியூட்டன். அது உச்சந்தலையில் பத்து சதுர செ.மீ. இடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 24 நியூட்டனுக்கு மேல் அமுக்கும். சும்மாடு அதை 150 சதுர செ.மீ.க்குப் பரப்பினால் இரண்டு நியூட்டன்கூட இல்லை. இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். தலைச்சுமையின் எடை செல்லும் கோடு கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு வழியாக ஏறக்குறைய நேராகப் பாதத்துக்கு இறங்குகிறது. சுழலும் புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே செங்குத்துத் தூரம் இல்லையென்றால் திருப்பு விசையும் இல்லை. அதனால்தான் தலையில் சுமக்கிறவர் குனிவதில்லை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் லுவோ இனப் பெண்கள் தலையில் வைத்தும் கிக்குயு இனப் பெண்கள் நெற்றிப் பட்டையில் மாட்டியும் சுமையோடு நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்த ஆய்வு 1986இல் 'நேச்சர்' இதழில் வந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதல் ஆற்றல் அவர்களுக்குச் செலவாகவில்லை. காரணம் 1995இல் வந்தது. நடக்கும்போது உடம்பு தலைகீழ் ஊசல் மாதிரி ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்குகிறது. நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகவும் அது திரும்ப நிலை ஆற்றலாகவும் மாறும்போது கொஞ்சம் வீணாகும். சுமை ஏறினால் அந்தப் பெண்கள் இந்த மாற்றத்தை இன்னும் சிக்கனமாகச் செய்கிறார்கள், சுமைக்கான செலவு அந்தச் சேமிப்பிலேயே ஈடாகிவிடுகிறது. 2005இல் நேபாளத்துச் சுமை தூக்கிகளைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூடை சுமக்கும் அந்த ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடு சுமந்து மலை ஏறுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கம் எல்லாருக்கும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். பத்து வரி இருக்கும். அதை வாசிக்கப் பழகுங்கள்.

இதைச் சொன்னதும், ஆகா, நம் பெண்களின் உழைப்பு எவ்வளவு அறிவியல்பூர்வமானது என்று மேடையில் பேச ஒருவர் கிளம்பிவிடுவார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆய்வு அளந்தது ஆக்சிஜனை. கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்கை அல்ல. ஆற்றல் மிச்சமாகலாம், எலும்பு தேயலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சாமை குத்தும் உலக்கையும் அப்படித்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்குச் சிறுதானிய உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தபோது, தானியத்தோடு சேர்த்துப் பெண்களின் தோள்பட்டையையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

முதுகுக்கு ஒரு கணக்கு போட்டுவிடலாம். மலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காராத வீடு ஏது? தரையில் கிடக்கும் இருபது கிலோ மூட்டையைக் குனிந்து, கையை நீட்டி எடுக்கிறீர்கள். சுழலும் புள்ளி இடுப்புக்குச் சற்று மேலே, கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பு. இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முப்பது கிலோ, அதன் நிறைமையம் அந்தப் புள்ளிக்கு 25 செ.மீ. முன்னால். மூட்டை 45 செ.மீ. முன்னால். பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைக்குக் கிடைத்திருப்பதோ ஐந்து செ.மீ. தோராயமாகப் போட்டால் 330 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அதே மூட்டையை முழங்கால் மடக்கி, உடம்போடு ஒட்டினாற்போல் எடுங்கள். உடம்பின் நிறைமையம் 10 செ.மீ.க்கும் மூட்டை 25 செ.மீ.க்கும் வந்துவிட்டால் 160 கிலோ. மூட்டையின் எடை மாறவே இல்லை. பால் டேவிடோவிட்ஸ் எழுதிய 'பிசிக்ஸ் இன் பயாலஜி அண்ட் மெடிசின்' நூலின் தொடக்கத்திலேயே முழங்கை, இடுப்பு, முதுகு எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்குகள் உண்டு. பிளஸ் ஒன் கணக்கு தெரிந்தால் போதும். கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஆகாயகங்கைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அவர்களுக்குக் கால் நடுங்கும். இறங்குவது சுலபம்தானே, புவி ஈர்ப்பே இழுத்துக்கொண்டு போகிறதே, பிறகு ஏன் நடுக்கம்? தொடையின் முன்பக்கத் தசை அப்போது சுருங்கவில்லை. விறைப்பாக இருந்தபடியே நீண்டுகொடுத்து உடம்புக்குப் பிரேக் போடுகிறது. தசையை அதிகமாகப் புண்படுத்துகிற வேலை அதுதான். மறுநாள் படி இறங்க முடியாமல் பக்கவாட்டில் நடப்பார்கள்.

ஏறுவதன் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு படி 15 செ.மீ. என்றால் ஆயிரம் படிக்கு 150 மீட்டர். ஐம்பது கிலோ உடம்புக்கு 73,500 ஜூல். தசையின் பயனுறுதிறன் கால் பங்குதான் என்பதால் நான்கு மடங்கு செலவாகும் என்று வைத்தாலும் எழுபது கிலோ கலோரி. இரண்டு இட்லிக்குள் அடங்கிவிடும். பின்னே ஏன் உயிர் போகிறது? ஆற்றல் வேறு, திறன் வேறு. அந்த 73,500 ஜூலை அரை மணியில் செலவழித்தால் 41 வாட், பத்து நிமிடத்தில் ஓடி ஏறினால் 122 வாட். நான்காம் அலகில் வேலை, ஆற்றல், திறன் என்று மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டிருப்பதன் காரணம் அந்தப் படியில் ஏறும்போது விளங்கும்.

இத்தாலியர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் கூட இருந்தவர்களும் மலை ஓட்டக்காரர்களைச் சரிவான நடைபொறியில் நடக்கவைத்து அளந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை உங்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். சமதளத்தில் ஒரு கிலோ உடம்பு ஒரு மீட்டர் நடக்க 1.64 ஜூல். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் அதில் பாதி. அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் செலவு மறுபடி கூடுகிறது. ஏறும்போது, ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஆகும் செலவு நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரையுள்ள சரிவில்தான் குறைவு. காரவள்ளியிலிருந்து வரும் தார்ச்சாலை எழுபது ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து ஏறுகிறது, லாரிக்கு அது தேவை. உங்கள் பாட்டன் நடந்த ஒற்றையடிப் பாதை எந்தச் சரிவில் போகிறது என்று ஒரு கயிறும் நூல்குண்டும் வைத்து அளந்து பாருங்களேன்.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்த ஆளைப் பற்றி.

மனிதக் கையின் இயக்கவியலைப் பற்றி உலகமெங்கும் அறுவை மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் ஒரு நூல் இருக்கிறது. 'கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் தி ஹேண்ட்', 1985இல் வந்தது. எழுதியவர் பால் பிராண்ட். சிறுவனாக இந்த மலையில் வளர்ந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். வாழவந்தி நாட்டில் தங்கி ஊழியம் செய்த வெள்ளைக்காரப் பாதிரியார் குடும்பம். அம்மாவைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். கணவர் 1929இல் காய்ச்சலில் இறந்த பிறகும் மலையை மறக்காமல் 1974 வரை வாழ்ந்த அம்மையார். பால் 1923இல், ஒன்பது வயதில், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே முதலில் கற்றது கட்டட வேலை. கொத்தும் தச்சும் பழகிய பிறகுதான் மருத்துவத்துக்குப் போனார். சிறு வயதில் இந்த மலையில், காலில் புகுந்த நரம்புச்சிலந்திப் புழுவைத் தன் தந்தை ஒரு குச்சியில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். வேகமாக இழுத்தால் புழு அறுந்துவிடும், காலே சீழ் வைத்துவிடும். இழுவிசை என்றால் என்ன என்பதை அந்தப் பையன் அதைவிட நன்றாக எங்கே பார்த்திருக்க முடியும்?

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ராபர்ட் காக்ரன் அவரை அழைத்துப்போய் நோயாளிகளின் கைகளைக் காட்டினார். விரல்கள் கொக்கிபோல் மடங்கிக் கிடந்தன. நோய் சதையைத் தின்றுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதுதான் அன்றைய எண்ணம். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இறுகியது. கை செத்துவிடவில்லை! விரலை மடக்கும் தசைகள் முன்கையில் நல்ல பலத்தோடு இருந்தன. உள்ளங்கையில் விரல்களின் சமநிலையைக் காக்கும் சிறு தசைகள் மட்டும், நரம்பு கெட்டதால், செயலிழந்திருந்தன. ஒரு பக்கம் இழுப்பு இருக்கிறது, எதிர்ப்பக்கம் இல்லை. திருப்பு விசை சமப்படாததால் விரல் மடங்கிக்கொண்டது. சிகிச்சையும் அந்தக் கணக்கிலிருந்தே வந்தது. நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, நீட்டி, விரல்களுக்குக் கொண்டுபோய் இழந்த வேலையை அதற்குக் கொடுப்பது.

ஆனால் எங்கே கட்டுவது? மூட்டின் சுழலச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில்? இங்கேதான் பிராண்டின் கொத்தனார் கண் வேலை செய்கிறது. ஒரு தசையால் குறிப்பிட்ட நீளம்தான் சுருங்க முடியும், அதை அதன் இழைகளின் நீளம் தீர்மானிக்கிறது. நாணை அச்சிலிருந்து தள்ளி ஓட்டினால் பிடி பலமாக இருக்கும், விரல் கொஞ்சம்தான் அசையும். நெருக்கி ஓட்டினால் விரல் நன்றாக மடங்கும், பலம் இருக்காது. இதைக் கணக்கிட அவர் கையாண்ட வழி உங்கள் புத்தகத்தில் வட்ட இயக்கத்தில் வருகிற அதே சூத்திரம். வில்லின் நீளம் என்பது ஆரம் பெருக்கல் கோணம். மூட்டு ஒரு ரேடியன், அதாவது சுமார் 57 டிகிரி, மடங்கும்போது நாண் எவ்வளவு நகர்கிறதோ அதுவே அச்சிலிருந்து நாணுக்குள்ள செங்குத்துத் தூரம். எக்ஸ்ரே இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

நீங்களே செய்து பாருங்கள். தையல் நூல் ஒன்றின் முனையை ஆள்காட்டி விரலின் மேல்பக்கம், முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே பிளாஸ்திரி போட்டு ஒட்டுங்கள். நூலைக் கைமுட்டியின் மேலாகப் புறங்கைக்குக் கொண்டுவந்து, தொய்வில்லாமல் பிடித்துப் புறங்கையில் அது இருக்கும் இடத்தில் பேனாவால் நூலில் ஒரு புள்ளி. இப்போது கைமுட்டியில் உள்ள அந்த விரல் மூட்டை மட்டும் 57 டிகிரி மடக்குங்கள், கோணமானியை நண்பன் பிடிக்கட்டும். புள்ளி விரல் பக்கமாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட நகரும். தோலின் கனம் போக, உங்கள் மூட்டின் ஆரம் அதுதான். கோணத்தைப் பாதியாக்கினால் நகர்வும் பாதியாகிறதா என்று பாருங்கள். இந்த ஓர் அளவை நீங்களே எடுத்துவிட்டால் அந்தப் பெரிய புத்தகத்தின் மையக் கருத்து உங்கள் கையில் இருக்கிறது. புத்தகத்தின் விலையைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

உணர்ச்சி இழந்த பாதத்தில் புண் வருவது நோயால் அல்ல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் மிதமான அழுத்தத்தால் என்று காட்டியவர்களில் அவரும் முக்கியமானவர். மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. அவருடைய வாழ்க்கையைப் படிக்க 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' (1993) நல்ல நூல். மதச் சாயல் உண்டு, அது அவரவர் விருப்பம். கொல்லிமலைப் பக்கங்களுக்காகவே நான் படித்தேன்.

மிச்சமுள்ள சரக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். என்.பி.டெல். தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் 'மெக்கானிக்ஸ் ஆஃப் ஹியூமன் மூவ்மென்ட்' விரிவுரைகள் இலவசம். கல்லூரித் தரம், ஆகவே முதல் சில மணி நேரம் மட்டும் இப்போது போதும். அவர் தலைமையில்தான் அங்கே டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம் எழுந்து நிற்கும் சக்கர நாற்காலியையும் 2022இல் 'கதம்' என்னும் செயற்கை முழங்காலையும் உருவாக்கியது. அதற்கும் முன்னால், 1968இல், ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்த ஜெய்ப்பூர் கால் இருக்கிறது. குத்துக்காலிட்டு உட்காரவும் வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும் ஏற்ற கால் வேண்டும் என்று யோசித்ததே பெரிய பயோமெக்கானிக்ஸ். தமிழில் கல்லூரித் தர நூல் வேண்டுவோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவன வெளியீடுகளைத் தேடுங்கள். இயற்பியலும் உடலியலும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடை கரடுமுரடாக இருக்கும், கருத்து சுத்தமாக இருக்கும். பிசியோதெரபியில் சேர்ந்த பிறகு நார்கின், லெவாஞ்சி பெயர்களில் ஒரு தடிமனான புத்தகம் உங்களைத் தேடி வரும். இப்போதே வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

போனில் இரண்டு பொருள் போதும். ஆகன் பல்கலைக்கழகத்தின் 'ஃபைஃபாக்ஸ்' செயலி போனையே முடுக்கம் அளக்கும் கருவியாக்கிவிடும். இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு நடந்தால் ஒவ்வோர் அடியும் திரையில் மேடும் பள்ளமுமாக விழும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' பயிற்சிகளில் சமநிலை, விசை எல்லாம் விளையாட்டாக வரும், சில தமிழிலேயே உண்டு. இரண்டையும் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டால் வீட்டில் இணையம் இல்லாமலே ஓடும். ஒரே நாளில் டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் என்று எலும்பைச் சொடுக்கும் வீடியோக்களை மட்டும் பாடமாக எண்ணிவிடாதீர்கள். விசைப்படம் போடாமல் முதுகைப் பற்றிப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

ஓரி ஒரே அம்பில் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்ததை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த அம்பின் ஆற்றலைக் கணக்கிடச் சொல்லி என்னிடம் வராதீர்கள், வம்பு. ஆனால் விழாவில் வில் வித்தைப் போட்டிக்கு நிற்கிற அண்ணன் நாணை இழுத்துப் பிடிக்கும்போது, முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இழுப்பது கைத்தசையா முதுகுத்தசையா என்று பக்கவாட்டில் நின்று ஒரு வீடியோ எடுங்கள். 'டிராக்கர்' என்ற இலவச மென்பொருளில் பள்ளிக் கணினியில் போட்டால் கட்டம் கட்டமாக அளக்கலாம்.

அளந்ததை நோட்டிலேயே பூட்டி வைக்க வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, குழுவாக ஆய்வு செய்து அனுப்பலாம். பதினேழு வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதால் பிளஸ் ஒன்னில் இருப்பவர்கள் முந்திக்கொள்ளுங்கள். என் யோசனை இது. உங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை உள்ள நடைபாதையை ஐம்பது ஐம்பது மீட்டராகப் பிரித்துச் சரிவு எழுதுங்கள். சுமையோடும் சுமையில்லாமலும் ஒரே ஆள் நடக்க ஆகும் நேரம், ஏறி முடித்ததும் ஒரு நிமிடத்துக்கு நாடித் துடிப்பு, இரண்டையும் குறியுங்கள். சுமப்பவர் சம்மதம் கேளுங்கள், பெயர் எழுத வேண்டாம், வயதும் சுமையின் எடையும் போதும். அட்டவணையின் முதல் வரியில் சும்மாடு உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் விட்டு வையுங்கள். கணக்கில் எங்காவது இடித்தால் நோட்டை எடுத்துக்கொண்டு சந்தை நாளில் கீழே வாருங்கள், சேந்தமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் வாத்தியார்